கறுப்பு பெயிண்ட் அடித்த சிலிண்டர்

செம்மேட்டில் யாரைக் கேட்டாலும் மெக்கானிக் நந்தகுமாரைத் தங்கமான ஆள் என்றுதான் சொல்வார்கள். அதுதான் அவனுக்குப் பெரிய தொல்லை. கெட்ட பேர் எடுத்தவன் ஒரு தப்புச் செய்தால் ஊர் அன்றைக்கே திட்டித் தீர்த்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடும். நல்ல பேர் எடுத்தவன் செய்த தப்பை அவனேதான் சுமந்துகொண்டு அலைய வேண்டும்.

வயது நாற்பத்து நான்கு. மலையிலேயே பிறந்தவன். அப்பா சாமையும் மரவள்ளியும் போட்டவர். மகனுக்கு மண்வெட்டியைவிட ஸ்பானர் பிடித்துப் போயிற்று. சேலத்தில் ஒரு பட்டறையில் ஏழு வருஷம் கிரீஸில் குளித்துத் தொழில் கற்றுக்கொண்டு திரும்பி வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டான். மலையில் ஓடுகிற ஜீப்புகளில் பாதிக்கு மேல் அவன் கை பட்டவை. ரோட்டில் போகிற வண்டியின் சத்தத்தைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, “தனபால் வண்டி கிளட்ச் இந்த வாரம் தாங்காது,” என்பான். அவன் மனைவி வளர்மதி, “சோத்தைப் பாத்துச் சாப்புடுங்க,” என்பாள். கிளட்ச் அந்த வாரம் தாங்காது.

மலைப் பட்டறைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. சாமான் கடையெல்லாம் கீழே இருக்கிறது. இன்றைக்குப் போனில் சொன்னால் நாளைக் காலை முதல் பஸ்ஸில், டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் அட்டைப் பெட்டியில் உட்கார்ந்து சாமான் மேலே வரும். அதுவரை மிளகு மூட்டையோடு வந்து நிற்கிறவனை என்ன செய்வது? பட்டறையில் சும்மா நிற்கிற வண்டியிலிருந்து கழற்றி, ஓடுகிற வண்டிக்குப் போட்டு அனுப்புவார்கள். அதற்கு முன்னால் சும்மா நிற்கிற வண்டிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். மறுநாள் சாமான் வந்ததும் அந்த வண்டிக்குப் போட்டுவிட வேண்டும். வழக்கம் இவ்வளவுதான். இதில் கழற்றுகிற வேலையை மட்டும் நந்தகுமார் ஒழுங்காகச் செய்தான்.

அவன் பட்டறையில் சும்மா நின்ற வண்டி, நர்ஸம்மாவுடைய பச்சை ஜீப்.

நர்ஸம்மா என்றால் பானுமதி. ராசிபுரம் பக்கத்துக்காரர். வாழவந்தி நாடு என்கிற மலைக் கிராமங்களுக்குக் கிராம சுகாதார நர்ஸாக வந்து பதினான்கு வருஷம் ஆகிவிட்டது. மழையிலும் பனியிலும் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்தவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு காபித் தோட்டத்து முதலாளி கழித்துப் போட்ட பழைய ஜீப்பை அவர் வாங்கியபோது ஊரே சிரித்தது. அவர் வீட்டுக்காரர் சதீஷ்குமார் கீழே இருந்து போன் போட்டு, “இதுக்கு நாலு எருமை வாங்கியிருக்கலாம், பாலாவது கறக்கும்,” என்றார். நர்ஸம்மா அசரவில்லை. “ஒரே ஒரு தடவ இந்த மலைய என் வண்டியில நானே ஓட்டி எறங்கோணுங்க தம்பி. அப்புறம் அது ஓடுனா என்ன, ஓடாட்டி என்ன,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்துவிடுவார். பேருக்கு வந்து நிற்கிற ஆள் இல்லை அவர். துருவைத் தேய்த்தார், பெயிண்ட் அடித்தார், நட்டு முறுக்கக் கற்றுக்கொண்டார். சம்பளத்தில் மிஞ்சியபோதெல்லாம் ஒவ்வொரு சாமானாக வாங்கிப் போட்டார். பிரேக்கை மிதித்தால் எண்ணெயைத் தள்ளி நான்கு சக்கரத்தையும் பிடிக்க வைக்கிற மாஸ்டர் சிலிண்டர் புதிதாக வந்த அன்றைக்கு, அதை அவரே மாட்டி, கடைசி நட்டை முறுக்கிவிட்டு, பட்டறையில் இருந்த எல்லோருக்கும் டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தார்.

அந்த ஜீப்பில்தான் நந்தகுமார் கை வைத்தான்.

முதலில் வண்டியைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார். ஒரு பலாப்பழ லோடு வழியில் நின்றுபோனது, அதற்காக. பிறகு டைனமோ. பிறகு முன்பக்கத்து ஸ்பிரிங் பட்டை. ஒவ்வொரு தடவையும், “நாளைக்கு பஸ்ல வந்துரும், போட்டுரலாம்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மறுநாள் பஸ்ஸில் வந்ததை வேறொருத்தன் வந்து, “அவசரமுங்க,” என்று நின்று வாங்கிப் போனான். இடம் காலியாகத் தெரியக்கூடாதே என்று, ஓடுகிற வண்டியிலிருந்து கழற்றிய தேய்ந்த சாமானையே துடைத்து, கறுப்பு பெயிண்ட் அடித்து, ஜீப்பில் மாட்டி வைத்தான். கடைசியாகப் போன ஐப்பசியில் மாஸ்டர் சிலிண்டரும் கருப்பண்ணன் ஜீப்புக்குப் போயிற்று.

நர்ஸம்மா ஞாயிற்றுக்கிழமை வந்து பானட்டைத் திறந்து, எல்லாம் பளபளவென்று இருப்பதைப் பார்த்து, “கண்ணாட்டம் வெச்சிருக்கீங்க தம்பி,” என்பார். நந்தகுமார் அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்காமல் ஏதாவது ஸ்பானரைத் தேடப் போய்விடுவான். அவர் போனதும் சரியாகிவிடும். சரியாகிவிடுகிறதே என்பதுதான் அவனுக்குப் பிற்பாடு அதிகம் வெட்கமாக இருந்தது.

ஆனி மாசத்தில் நர்ஸம்மாவுக்கு மாற்றல் ஆர்டர் வந்தது. கீழே, அவர் ஊருக்குப் பக்கத்திலேயே. பத்து நாளில் போய்ச் சேர வேண்டும். சந்தை நாளன்று பட்டறைக்கு வந்தார்.

“எஞ்சின் பொகையாக் கக்குது. அடியில துரு வேற. நீங்களே சொல்லுங்க தம்பி. ரிப்பேர் பண்ணி ஓட்டிட்டுப் போயரலாங்களா, இல்ல பிரிச்சு பார்ட் பார்ட்டா வித்தரலாங்களா? நீங்க எது சொன்னாலும் சரிங்க.”

நீங்க எது சொன்னாலும் சரி என்று ஒருத்தர் சொல்வதைப் போல் ஆளைக் கூசவைப்பது வேறில்லை. நந்தகுமார் தலையைச் சொறிந்தான். பிரித்து விற்றால் வண்டி துண்டு துண்டாகப் போய்விடும், எந்தத் துண்டு புதுசு எந்தத் துண்டு பழசு என்று யாரும் கேட்கப் போவதில்லை. இந்தக் கணக்கு அவன் மனசில் ஓடி முடிவதற்குள் வாய் பேசிவிட்டது.

“பிரிச்சரலாங்க நர்ஸம்மா. இனி இதுக்குச் செலவு பண்றது வீணுங்க.”

அவர் முகம் வாடியது. இருந்தாலும் தலையாட்டினார்.

அடிவாரத்துக் காரவள்ளியில் பழைய வண்டிகளை வாங்கிப் பிரிக்கிற குழந்தைவேலுவை வரவழைத்தான். அவர் சனிக்கிழமை மத்தியானம் மேலே வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஜீப்பைச் சுற்றி வந்தார். நர்ஸம்மா கூடவே நடந்து, பெண் பார்க்க வந்தவர்களிடம் பேசுவது போல ஜீப்பின் பெருமையைச் சொல்லிக்கொண்டு வந்தார். “மாஸ்டர் சிலிண்டர் புதுசுங்க. என் கையால மாட்டுனது.”

குழந்தைவேலு குனிந்து சிலிண்டரைப் பார்த்தார். நிமிர்ந்து நந்தகுமாரைப் பார்த்தார். தொழில்காரனுக்குத் தெரியாதா? ஆனால் ஒரு தொழில்காரனை இன்னொருத்தன் வாடிக்கைக்காரர் முன்னால் காட்டிக் கொடுப்பதில்லை. அது அவர்களுக்குள் இருக்கிற மரியாதை.

“நல்லாத்தானுங்க இருக்குது,” என்றார். “எல்லாம் நல்ல சாமானு.”

அதோடு விஷயம் முடிந்தது என்று நந்தகுமார் மூச்சு விட்டான். நர்ஸம்மாவோ அப்படியே நின்றுவிட்டார். முகத்தில் பழைய வெளிச்சம் வந்துவிட்டது.

“எல்லாம் நல்ல சாமானுன்னா நான் ஏனுங்க பிரிக்கோணும்?” என்றார். “கோவிச்சுக்காதீங்க, உங்கள வீணா அலைய வெச்சுட்டேன். தம்பி, எஞ்சினுக்கு ரிங்கு மட்டும் மாத்திக் குடுங்க. அடுத்த ஞாயித்துக்கிழம நானே ஓட்டிட்டு எறங்கறேன்.”

நந்தகுமார் மனசுக்குள் வளைவுகளை எண்ணினான். எழுபது கொண்டை ஊசி வளைவு. அந்தச் சிலிண்டர் முதல் பத்து வளைவுக்குப் பிடிக்கும். சூடேற ஏற உள்ளே எண்ணெய் கசிந்து பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போகும். முப்பதாவது வளைவில் மிதித்தால் காலடிப் பலகையில் போய் இடிக்கும். அவனே அதைக் கருப்பண்ணன் ஜீப்பிலிருந்து கழற்றியவன். அது எப்படிப்பட்ட சாமான் என்று அவனைவிட யாருக்குத் தெரியும்?

குழந்தைவேலு போகும்போது அவன் தோளைத் தட்டி, “பாத்துக்கப்பா,” என்று மட்டும் சொன்னார்.

அந்த நிமிஷமே நாமக்கல் கடைக்குப் போன் போட்டுப் புதுச் சிலிண்டர் சொன்னான். காலையில் பஸ்ஸில் வரும், நர்ஸம்மா வருவதற்குள் மாட்டிவிடலாம், பழசைக் குப்பையில் போட்டுவிடலாம், யாருக்கும் தெரியப் போவதில்லை. மறுநாள் பெட்டியை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பட்டறைக்குத் திரும்பினான். இந்த ஒன்று ஒழிந்தால் இனி ஜென்மத்துக்கும் இப்படிச் செய்வதில்லை என்று அரப்பளீஸ்வரருக்கு வேண்டுதல்கூட வைத்துவிட்டான்.

பட்டறையில் ஜீப்புக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன.

“வந்துட்டீங்களா தம்பி? மொத பஸ்ஸுக்கே வந்துட்டேன். தூக்கமே வரலைங்க.” நர்ஸம்மா கீழிருந்து நகர்ந்து வெளியே வந்து உட்கார்ந்தார். வலது கை விரலெல்லாம் கறுப்பு. “இங்க பாருங்க. சிலிண்டரத் தொட்டா பெயிண்டு சேறாட்டம் வருது. எண்ணெய் கசியுதுங்களே.”

பிரேக் எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் நிற்காது. தொழில் பழக வந்தவனுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித் தருகிற விஷயம். பூசி மறைக்கிற அவசரத்தில் நந்தகுமார் அதை மறந்திருந்தான்.

“நான்தான் அன்னிக்கு நட்டச் சரியா முறுக்கல போல,” என்றார் அவர். “அப்படித்தானுங்களே?”

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னான்.

“இருக்குமுங்க.”

நர்ஸம்மா கறுப்பான விரல்களை விரித்துப் பார்த்தார். “நல்ல வேள, இன்னைக்காச்சும் பாத்தேன். என் கைய நம்பி எறங்கியிருந்தா எதுக்க வர பஸ்ஸுல இருக்கறவங்க கதி என்ன? எனக்கு எதுக்குங்க இந்த வேல. ஊசி போடற கை ஊசியோட இருக்கோணும்.” எழுந்து கையைச் சேலையில் துடைத்தார். “குழந்தைவேலு அண்ணனுக்குப் போன் போடுங்க. பிரிச்சே எடுத்துக்கட்டும்.”

அவன் கேட்டது கிடைத்துவிட்டது. ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும், எல்லாம் அவன் நினைத்தபடியே முடிந்துவிடும். ஆனால் ஆறு வருஷம் ஞாயிறு தவறாமல் வந்து துருத் தேய்த்த அந்தக் கையை, அவரே சரியில்லை என்று சொல்லித் துடைத்துக்கொள்வதை அவனால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

“உங்க கையில ஒண்ணுமில்லீங்க,” என்றான். “அது நீங்க மாட்டுன சிலிண்டரே இல்லீங்க.”

எல்லாவற்றையும் சொன்னான். செல்ஃப் மோட்டார், டைனமோ, ஸ்பிரிங் பட்டை. எது யாருக்குப் போனது என்று ஒன்று விடாமல் சொன்னான். கக்கத்துப் பெட்டியைத் திறந்து புதுச் சிலிண்டரையும் காட்டினான். நர்ஸம்மா அதை வாங்கிக் கையில் திருப்பிப் பார்த்தார்.

“மாஸ்டர் சிலிண்டரு யாருக்குங்க போச்சு?”

“கருப்பண்ணன் ஜீப்புக்குங்க. போன ஐப்பசி. பூங்குழலிக்கு வலி வந்த அன்னிக்கு.”

அன்றைக்கு மலையே மழையில் ஊறிக் கிடந்தது. ஆம்புலன்ஸ் வேறு கேஸோடு கீழே போயிருந்தது. வயிற்றில் குழந்தை குறுக்கே கிடக்க, பூங்குழலியைக் கருப்பண்ணன் ஜீப்பில் நாமக்கல்லுக்குக் கொண்டு போனார்கள். அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டு எழுபது வளைவும் இறங்கியவர் நர்ஸம்மாதான்.

“நானும் அந்த வண்டியிலதானுங்களே இருந்தேன்,” என்றார் மெல்ல.

“ஆமாங்க.”

“பட்டறை வாசல்ல நிறுத்தி நீங்க கீழ படுத்து என்னமோ மாட்டுனீங்க. கால் மணி நேரம் உங்களுக்குக் கொட பிடிச்சதே நான்தான்.”

நந்தகுமார் தலையைக் குனிந்துகொண்டான்.

“கேட்டிருந்தா என் கையாலயே கழட்டித் தந்திருப்பனே தம்பி. நீங்க எடுத்தது எனக்குப் பெருசில்லீங்க. அத்தன அவசரத்துல எடுத்துட்டீங்க, சரி. மழ விட்டப்பறம், ஆற அமர உக்காந்து அந்தப் பழசுக்குப் பெயிண்டு அடிச்சீங்களே, அது எதுக்குங்க?”

அவர் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

நர்ஸம்மா ஜீப்பைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பச்சைப் பெயிண்டை ஓரிடத்தில் தடவிப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்து அவன் கையில் வைத்தார்.

“புதுசக் கடைக்கே திருப்பி அனுப்பிருங்க. ரிப்பேர் பண்ண வேண்டாம். இனி இத நான் ஓட்டுனா ஒவ்வொரு வளைவுலயும் இது புதுசா பழசான்னுதானுங்க நெனப்பேன். குழந்தைவேலு அண்ணனும் வேண்டாம். இங்கயே நிக்கட்டும். மலையில யாருக்கு எது அவசரமோ கழட்டிக் குடுங்க. ஆனா ஒவ்வொரு தடவையும் எனக்குப் போன் பண்ணிக் கேக்கோணும். ஒரு நட்டுன்னாலும் கேக்கோணும்.”

“சரிங்க.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பஸ்ஸில்தான் இறங்கினார். நந்தகுமார் பெட்டிகளை ஏற்றிக் கொடுத்தான். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்த நர்ஸம்மா, ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் கை காட்டினார். அவனுக்கும் காட்டினார். வித்தியாசம் காட்டவில்லை.

இருபது நாள் கழித்து செங்கோடனுடைய ஜீப் ரேடியேட்டர் ஒழுகி வந்து நின்றது. உள்ளே வாழைத்தார், சந்தைக்கு நேரமாகிறது. நந்தகுமார் ஸ்பானரோடு பச்சை ஜீப்புக்குப் போனான். பானட்டைத் திறந்தான். பழைய பழக்கத்தில் கை நட்டுக்கே போய்விட்டது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். போனைத் தேடினான்.

ஒரு தடவை அடித்தது, எடுக்கவில்லை. இன்னொரு தடவையும் எடுக்கவில்லை. செங்கோடன், “ஏனுங்க, கழட்டலாமுங்களா?” என்று நச்சரித்தான். “இருப்பா,” என்றான் நந்தகுமார். மூன்றாவது தடவை எடுத்தார். பின்னால் ஊசி போட்ட குழந்தை ஒன்று வீறிட்டுக்கொண்டிருந்தது.

“நர்ஸம்மா, ரேடியேட்டருங்க.”

“யாருக்குங்க?”

“செங்கோடனுக்குங்க. வாழத்தாரு லோடு.”

“எடுத்துப் போடுங்க தம்பி.” குழந்தையைத் தாயிடம் கொடுக்கிற சத்தம் கேட்டது. “அவன் பழசக் கழுவி மட்டும் வைங்க. கறுப்பு பெயிண்டு அடிக்காதீங்க.”

போனை வைத்துவிட்டார்.

“என்னங்க சொன்னாங்க?” என்றான் செங்கோடன்.

“எடுத்துக்கச் சொன்னாங்க,” என்றான் நந்தகுமார். மீதியைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.