ஒரு வேன் சொந்தமும் ஓர் எட்டாம் வகுப்பும்

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால் உங்களுக்கு என்ன ஆகும்? நான் எழுந்து நின்றுவிடுவேன். நான் பள்ளியை விட்டு வந்து முப்பத்திரண்டு வருஷமாகிறது. இருந்தும் எழுந்து நிற்பேன்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு புதன்கிழமை. நாமக்கல் பைபாஸ் ஓரத்தில் இருக்கும் என் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், ஒரு டிரைவருக்கு ஃபேன் பெல்ட் எடுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"இனியாவோட அப்பாவா சார்? ஸ்கூல்ல இருந்து ஸ்டெல்லா பேசறேன், சிறப்பு ஆசிரியர். இனியா படிப்புல கொஞ்சம் சிரமப்படறா. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவளுக்காக ஒரு குழுவா உட்கார்ந்து பேசறோம். வீட்டுல அவ படிப்பைப் பார்த்துக்கறவங்க எல்லாரும் வாங்க."

அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஆனால் என் மூளைக்கு இந்த மாதிரி நேரத்தில் தனி வேகம் வந்துவிடும். சிரமம் என்றால் ஃபெயில்... குழு என்றால் விசாரணை... எல்லாரும் வாங்க என்றால் டி.சி. கொடுத்து அனுப்பப் போகிறார்கள்!

"ஏனுங்க, இதை எஞ்சின்ல எங்க மாட்டறதுங்க?" என்று டிரைவர் கேட்டபோதுதான் பார்த்தேன். அவர் கையில் வைப்பர் பிளேடு இருந்தது. நான் கொடுத்ததுதான்.

இனியா என் ஒரே மகள். எட்டாம் வகுப்பு. கடைசித் தேர்வில் கணக்கில் பத்தொன்பது — நூற்றுக்கு. எங்கள் ஊரில் இதற்கு ஒரே மருந்து உண்டு. உயரமான மதில் சுவர் வைத்த ஹாஸ்டல் பள்ளி. காலை நான்கரைக்கு எழுப்பி, அடுத்த வருஷத்துப் பாடத்தை இந்த வருஷமே ஊட்டிவிடுவார்கள். நானும் ஒரு ஃபாரம் வாங்கி பீரோவில் வைத்திருந்தேன். மனைவி சுமதிக்குத் தெரியும். "அப்புறம் பேசிக்கலாமுங்க" என்று தள்ளிப்போட்டிருந்தாள். இனியாவிடம் சொல்லவில்லை.

எங்கள் பக்கம் எந்தக் காரியத்துக்கும் தனியாகப் போகிற வழக்கம் கிடையாது. பெண் பார்ப்பதோ, வரப்புத் தகராறோ, போர்வெல் போடுவதோ — பங்காளி ஒரு பக்கம், மாமன் மச்சான் ஒரு பக்கம் இருக்க வேண்டும். ஆள் பலம் பார்த்தால் எதிராளி கொஞ்சம் இறங்கி வருவார். இங்கே எதிராளி யார்? அதை யோசிக்க எனக்கு எங்கே நேரம்?

வெள்ளிக்கிழமை காலை வாசலில் வேன் வந்து நின்றது. அதில் என் பெரியப்பா மகன் சென்னியப்பண்ணன், மாஜி வார்டு மெம்பர். அவருக்குத் துணையாக இரண்டு பங்காளிகள். அப்புறம் சுமதியின் தம்பி கார்த்தி. வடக்கே ரிக் வண்டியோடு போய் போர்வெல் போடுகிறவன், மழைக்காலம் என்று ஊருக்கு வந்திருந்தான். வெறுங்கையோடு போகக்கூடாது என்று சென்னியப்பண்ணன் ஒரு கிலோ ஆப்பிள் வேறு வாங்கி வைத்திருந்தார்.

முட்டை குடோன் வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்த சுமதி வேனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, புள்ளைக்குக் கணக்கு வரலீன்னு போறமா, இல்ல யாரையாச்சும் ஊட்டைக் காலி பண்ண வெக்கப் போறமா?"

நான் வேனில் ஏறிக்கொண்டேன்.

பள்ளியில் ஒரு சின்ன அறை. ஐந்து நாற்காலி. நாங்கள் ஆறு பேர். ஸ்டெல்லா மிஸ் தினமும் சேலத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். ஆப்பிள் பையைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு ஏதாவது விசேஷமா சார்?" என்றார். கணக்கு சார் பெஞ்ச் ஒன்றை இழுத்துப் போட்டார். இனியா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நான் குற்றப்பத்திரிகைக்குக் காத்திருந்தேன். மிஸ் ஆரம்பித்ததோ வேறு மாதிரி.

"முதல்ல, இனியா நல்லா செய்யற ஒரு விஷயத்தை ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க."

சென்னியப்பண்ணன் தொண்டையைக் கனைத்தார்.

"தங்கமான புள்ளைங்க டீச்சரம்மா. இருக்கற எடமே தெரியாதுங்க."

"படிப்புல?"

"அதெல்லாம் நல்லாப் படிக்குமுங்க. ஏளாவதுன்னா கொஞ்சம் கஸ்டமாத்தான இருக்கும்..."

"எட்டாவதுங்க பெரியப்பா" என்றது ஜன்னல் ஓரக் குரல்.

என் முறை வந்தது. "கணக்குல பத்தொன்பது மார்க் மேடம்" என்றேன்.

"நல்லா செய்யற விஷயம் கேட்டேன் சார்."

யோசித்தேன். பதின்மூன்று வருஷமாக வளர்க்கிறேன். சட்டென்று ஒன்று வாயில் வர வேண்டாமா? வரவில்லை. ரேங்க் கார்டு இல்லாமல் என் மகளைப் பற்றிப் பேச எனக்குத் தெரியவில்லை என்பது அந்த பெஞ்சில்தான் தெரிந்தது.

காப்பாற்றியவன் கார்த்தி.

"மிஸ், புள்ள கணக்குல கெட்டிங்க. நான் வடக்க இருந்து போன்ல கேப்பனுங்க. 'சாமி, நூத்தி நாப்பது அடிக்கு கேசிங் பைப்பு எறக்கோணும், பைப்பு ஒண்ணு இருவது அடி, எத்தனை பைப்பு?' ம்பேன். 'ஏழு மாமா' ங்கும். நான் கால்குலேட்டரைத் தேடறதுக்குள்ள சொல்லிப்போடுமுங்க."

கணக்கு சார் நிமிர்ந்தார். அங்கேயே ஒரு கணக்கை வாயால் கேட்டார். இனியா வாயாலேயே பதில் சொன்னாள், சரியாக. அதே மாதிரி இன்னொன்றைப் புத்தகத்தில் காட்டினார். அவள் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்தாள். மூன்றாவது வார்த்தையில் நின்றாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டு வரி முடிவதற்குள் நெற்றியில் வியர்வை.

"இவளுக்குக் கணக்கு வரலைன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றார் சார் மெதுவாக. "கேள்வியை வாசிச்சு முடிக்கறதுக்குள்ளயே பெல் அடிச்சிருது போல."

விஷயம் பிடிபடுகிற அந்த நேரம் பார்த்து சென்னியப்பண்ணன் பஞ்சாயத்தை முடித்துவைக்கப் பார்த்தார்.

"அட, இதுக்கெல்லாம் எதுக்குங்க டீச்சரம்மா ரோசனை? தம்பி ஆஸ்டல் பள்ளிக்கூடத்துக்கு ஃபாரமே வாங்கி வெச்சிருக்கான். ரண்டு வருசம் உள்ள கெடந்தா எல்லாம் சரியாப் போயிரும்."

இனியா நகம் கடிப்பதை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஸ்டெல்லா மிஸ் குறுக்கே வந்தார். "ஹாஸ்டல் முடிவை ஆறு வாரம் தள்ளி வைக்க முடியுமா சார்?" என்றார். தலையாட்டினேன். மிஸ் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து இனியா முன் வைத்தார்.

"இது உன்னோட குழு இனியா. யார் யார் வேணும்னு நீயே சொல்லு."

"அம்மா. கார்த்தி மாமா. கணக்கு சார். நீங்க."

"அப்பா?"

"வேண்டாங்க மிஸ்."

பங்காளிகள் இருவரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள்.

"ஏம்மா?"

"நான் வாசிக்கறப்ப நின்னா, அப்பா பக்கத்துல இருந்து 'ம்... ம்...' ம்பாருங்க. அது கேட்டா எழுத்தெல்லாம் கலைஞ்சு போயிருதுங்க."

லாரியை ரிவர்ஸ் எடுக்கும்போது, பின்னால் நின்று பாடியைத் தட்டிக்கொண்டே "வரட்டும், வரட்டும்" என்பார்களே... அந்த நல்லெண்ணத்தில்தான் நான் 'ம்' கொட்டியது. பழகின டிரைவருக்கு அது உதவி. இப்போதுதான் ஸ்டியரிங் பிடிக்கிறவருக்கு? எனக்குத் தோன்றவே இல்லை.

"அப்பாவுக்கும் ஒரு வேலை கொடுக்கலாமே" என்றார் மிஸ், பாவம் பார்த்து.

இனியா நிஜமாகவே யோசித்தாள். "ஏழு மணியிலருந்து ஏழரை வரைக்கும் அப்பா ஊட்டுல இருக்க வேண்டாங்க."

கார்த்தி சிரித்தேவிட்டான். சுமதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மிஸ் மட்டும் சிரிக்காமல் எழுதினார். கணக்கு சார் தேர்வில் கேள்வியை அவளுக்கு வாசித்துக் காட்டுவார். மிஸ் வாரம் இரண்டு நாள் தனியாக உட்காருவார். அம்மா தினமும் அரை மணி நேரம் கூட இருந்து வாசிக்க வைப்பார். மாமா கணக்கை வாயால் கேட்காமல் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புவார், வாரம் ஒரு வரி கூட்டி. அப்பா, ஏழு முதல் ஏழரை வரை வெளியே.

கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் இவ்வளவு தெளிவான பொறுப்பை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

அன்று மாலையிலிருந்து தெருவில் நடக்க ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் எதிர் வீட்டுக்காரர், "சுகருங்களா?" என்றார். இல்லை என்றேன். நம்பவில்லை. ஒரு வாரத்தில் தெரு முழுவதும் எனக்கு சுகர். ஓர் அம்மா பாகற்காய் ஜூஸ் டம்ளரோடு கேட்டில் நின்றார். மகள் வாசிக்கிறாள், அதனால் நான் நடக்கிறேன் என்று எப்படி விளக்குவது? குடித்துவிட்டேன்.

நடக்கும்போது ஒன்று புரிந்தது. பிள்ளைக்கு ஒன்று என்றால் நமக்கு வேன் பிடிக்கத் தெரிகிறது. சிபாரிசு தேடத் தெரிகிறது. ஆப்பிள் வாங்கத் தெரிகிறது. எந்த வார்த்தையில் நிற்கிறாள் என்று பார்க்க மட்டும் தெரிவதில்லை. எனக்கு என்று திருத்திக்கொள்கிறேன். நீங்கள் எல்லாரும் நல்லவர்கள்.

ஆறு வாரம் கழித்து மறுபடி கூட்டம். இந்த முறை வேன் இல்லை, ஸ்கூட்டர். கார்த்தி நாக்பூர் பக்கமிருந்து போனில் சேர்ந்துகொண்டான். கணக்கில் நாற்பத்தி நான்கு. "வாசிப்பு இன்னும் மெதுவாத்தான் இருக்கு சார். ஒரு வருஷம்கூட ஆகலாம். ஆனா இப்ப நின்னா பயப்படறதில்ல" என்றார் மிஸ். ஹாஸ்டல் ஃபாரத்துக்குக் கடைசித் தேதி அதற்கு முந்தின திங்கட்கிழமை. போகட்டும் என்று விட்டிருந்தேன். அதை அங்கே இனியாவிடமே சொன்னேன். "ம்" என்றாள். அவள் சொல்லலாம்.

போன வியாழக்கிழமை. ஏழு மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, இன்னைக்கு இருங்க. இங்க வந்து உக்காருங்க. பேசக்கூடாது."

உட்கார்ந்தேன். சுமதி அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அறிவியல் பாடம். விரல் வைத்து நகர்ந்தாள். நான்காவது வரியில் 'ஒளிச்சேர்க்கை'. ஒளிச்... என்று நின்றாள். சேர்... மறுபடி ஒளி... எனக்குள் அந்தப் பழைய 'ம்' ஏறி வந்தது. உதட்டை இறுக்கிக்கொண்டேன். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சுமதி என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

ஒளிச்...சேர்க்...கை.

தாண்டிவிட்டாள். அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினாள். புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"அப்பா, மூச்சு உட்டுக்குங்க."