சுவரைப் பார்த்த நாற்காலி

கத்தரிக்கோல் முடியைத் தொடவேயில்லை. பஸ் டிரைவரின் பின்னந்தலைக்கு ஒரு விரல் தள்ளி, வெறும் காற்றை வெட்டிக்கொண்டிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமைதான் வெட்டிய தலை. இன்றைக்கு அதில் வெட்ட என்ன இருக்கிறது? ஆனாலும் சத்தம் நிற்கக் கூடாது. சத்தம் நின்றால் டிரைவரின் பேச்சும் நின்றுவிடும் என்பது சலூன்காரருக்குத் தெரியும்.

"வியாழக்கிழமை ரொம்பக் கஷ்டமாயிருந்துச்சுண்ணே. கடை வாசல் வரைக்கும் போயிட்டேன்."

"ம்."

"அப்புறம் திரும்பி நடந்துட்டேன். ரெண்டு ஸ்டாப் நடந்தே போனேன்."

"நடந்துட்டீங்கல்ல, அது போதும். தலையைக் கொஞ்சம் குனிங்க."

கண்ணாடி இல்லாத சலூன் அது. பிழைக்க வந்த வெளிநாட்டு ஊரில், ஒரு சமூகக் கூடத்தின் கீழ்த்தளத்தில், துணி துவைக்கும் அறைக்கு அடுத்த அறை. நாற்காலி சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருக்கிறது. சுவரில் ஓர் ஆணியைத் தவிர ஒன்றுமில்லை. பக்கத்தில் இயந்திரங்கள் இரைவதால் பேசுவது வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களுக்குக் கேட்காது. ஞாயிறு காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை இங்கே வருபவர்கள் எல்லோரும் குடியை விட்டவர்கள், அல்லது விடப் படாதபாடு படுபவர்கள். வீட்டில் கேட்டால் "முடி வெட்டிக்கப் போறேன்" என்றால் போதும். பொய்யும் இல்லை. வாராவாரம் வெட்டினால் தலையில் என்ன மிஞ்சும் என்பதுதான் சிக்கல். "உங்க வீட்டுக்காரருக்கு மட்டும் முடி என்ன இந்த வேகத்துல வளருது?" என்று பெண்கள் தங்களுக்குள் கேட்டுச் சிரிப்பதாகக் கேள்வி. அவர்களுக்கு விஷயம் தெரியாமலில்லை; தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

இந்த ஏற்பாடு முழுக்க முழுக்க சலூன்காரரின் மூளையில் உதித்தது. அதைச் சொல்லும்போது அவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். நிமிரட்டும், நியாயமான நிமிர்வுதான். குடியை நிறுத்த அவர் சிகிச்சைக்குப் போன காலத்தில் ஆஸ்பத்திரியில் வட்டமாக நாற்காலி போட்டு, ஒவ்வொருவராக எழுந்து தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். மொழிபெயர்க்க வந்த நம்மூர் அம்மாளோ, இவர் மனைவியுடன் ஒரே கடையில் காய்கறி வாங்குபவர். எட்டு வாரம் இவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "எல்லாம் நல்லாயிருக்கு." எட்டு வாரமும் வீட்டுக்குப் போய்க் குடித்தார்.

கடைசியில் டாக்டரம்மாதான் அந்த அம்மாளை வெளியே அனுப்பிவிட்டு, தெரிந்த நாலு தமிழ் வார்த்தைகளிலும் கைச்சாடையிலும் கேட்டார், எப்படி இருந்தால் பேசுவீர்கள் என்று. இவர் எழுந்து போய் டாக்டரம்மாவின் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். அந்த ஊர் மொழியில் தட்டுத்தடுமாறி இவர் சொன்னது இதுதான்:

"எங்க ஆளுங்களுக்கு முகத்தைப் பாத்துப் பேச வராதும்மா. முதுகைக் காட்டி உக்காரச் சொல்லுங்க, கொட்டித் தீத்துடுவாங்க."

இந்தச் சலூன் தொடங்கி நாலரை வருடம் ஆகிறது. முப்பத்தொரு பேர் இந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள். குடிகாரன் என்ற சொல் இந்த அறைக்குள் நுழைந்ததில்லை. 'அது' என்றுதான் சொல்வார். "இந்த வாரம் அது வந்துச்சா?" விருந்தாளியைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்பார். ஒரு விஷயத்தில் மட்டும் கறார். விடிந்ததிலிருந்து குடிக்கும் ஆள் என்று தெரிந்தால் கத்தரியைக் கீழே வைத்துவிடுவார். "முதல்ல டாக்டரம்மாவைப் பாருங்க. வீறாப்பா ஒரே நாள்ல விட்டா வலிப்பு வந்துடும். முடி எங்கயும் ஓடிப் போயிடாது." இப்போது ஆஸ்பத்திரியிலிருந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களை இவரிடம் அனுப்பி, எப்படிச் செய்கிறார் என்று கேட்டு வரச் சொல்கிறார்கள்.

இத்தனை பேர் தலையைக் கொடுத்தும், ஒரே ஒரு கழுத்து மட்டும் அவருக்கு எட்டாமல் இருந்தது. அது மனைவியின் அண்ணனுடைய கழுத்து. டிக்கெட் போட்டு இவரை இந்த நாட்டுக்கு வரவழைத்து, எட்டு மாதம் தன் வீட்டிலேயே வைத்துச் சோறு போட்டவர் அந்த மச்சான். அவருடைய மகளின் கல்யாணக் காலையில் சவரம் செய்யப் போகும்போது, கை நடுங்கக் கூடாதே என்று இவர் இரண்டு மடக்கு குடித்துவிட்டுப் போனார். நடுக்கம் நின்றது, நிதானம் போய்விட்டது. இடது காதுக்குக் கீழே மூன்று தையல். கல்யாணப் படம் எல்லாவற்றிலும் மச்சான் கழுத்தில் கட்டு.

"இனிமே என் கழுத்துல உன் கை படாது" என்றார் மச்சான். ஆறு வருடமாக மாப்பிள்ளை என்று ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. அண்ணன் வீட்டுக்கு மனைவி மட்டும் போவாள். இவர் தெருமுனையில் காரிலேயே உட்கார்ந்திருப்பார். மற்ற நாட்களில் வேலை செய்யும் கடையில் அந்நியர்களுக்குச் சவரம் செய்வார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கத்தியைப் பையிலிருந்து எடுப்பதில்லை.

டிரைவர் துண்டை உதறிவிட்டு எழுந்து கதவைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார். வெளியே அவருடைய டிப்போவிலேயே வண்டி ஓட்டும் மச்சான்.

"நான்தாண்ணே சொன்னேன்" என்றார் டிரைவர், தரையைப் பார்த்தபடி. "என் கதையைத்தான் சொன்னேன். எங்க விட்டேன், யாரால விட்டேன்னு. வேற ஒண்ணும் சொல்லலை."

மச்சான் உள்ளே வந்தார். ஆணியைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். சலூன்காரர் கையில் இருந்த கத்தரி மட்டும், பழக்க தோஷத்தில், காற்றை வெட்டிக்கொண்டிருந்தது.

"முடி வேணாம் மாப்ள" என்றார் மச்சான். "ஷேவிங் மட்டும்."

சலூன்காரர் பையைத் திறந்து, அடியில் கிடந்த கத்தியை எடுத்துப் புது பிளேடு மாட்டினார்.

"கையை நீட்டிக் காட்டவா மச்சான்?"

"எதுக்கு?"

மச்சான் நாற்காலியில் உட்கார்ந்தார். மேல் பொத்தானைக் கழற்றி, காலரை இரண்டு பக்கமும் மடித்துவிட்டார். தலையைப் பின்னால் சாய்த்து, தழும்பு தெரிய மோவாயை உயர்த்தி, கண்ணை மூடிக்கொண்டார்.