கேட்டில் பிடுங்கிய பாட்டில்

அன்று அந்தப் பாட்டிலை அவர் கையிலிருந்து ஏன் பிடுங்கினேன்? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில், எங்கள் கம்பெனி கேட்டில் பைகளைச் சோதிக்கும் செக்யூரிட்டி அக்கா அவர். நீலச் சட்டை, இறுக்கிய கொண்டை. சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொள்வார். தினமும் என் ஒன்றரை வயது மகளைக் கம்பெனி காப்பகத்தில் விட்டுவிட்டு அசெம்பிளி லைனுக்கு ஓடுவேன். பாட்டிலில் மாம்பழ ஜூஸ் இருந்தால்தான் அவள் அங்கே தூங்குவாள்.

ஒருநாள், ஷிஃப்டுக்கு மூன்று நிமிடம் இருந்தபோது, அவர் பாட்டிலை ஆட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, தெனம் ஜூஸு? வாயில வச்சிகினே தூங்குதா?"

"அது இல்லன்னா அழுவாக்கா. லைன்லேர்ந்து என்னைக் கூப்பிட்டுடுவாங்க."

அவர் வாயைத் திறந்து காட்டினார். முன்பற்கள் கறுத்துக் கரைந்திருந்தன.

"ஓ.டி.ல தூக்கம் வரக்கூடாதுன்னு கூல்ட்ரிங்ஸா குடிச்சேன். பாப்பாவுக்கும் இப்டி வேணுமா? குடு, ஊத்திட்டு தண்ணி ரொப்பித் தரேன்."

பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

இப்போது மகளின் மேல் முன்பற்களில் ஈறை ஒட்டிப் பழுப்புக் கோடு. பல் டாக்டர் ஜூஸை நிறுத்தச் சொல்லிவிட்டார். அந்த அக்கா கேட்டில்தான் இருக்கிறார்; என் பையை மட்டும் திறக்காமலே அனுப்பிவிடுகிறார்.

நாளை தண்ணீரோடு போகிறேன். வெறும் தண்ணீருக்குக் குழந்தையைப் பழக்கியவர்கள், முதல் வாரத்தை எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்களேன்.