லிபியா போன நர்ஸின் பணிப்பதிவேடு

எழுபதுகளின் கடைசி. மதுரையில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் நான் கிளார்க். எங்கள் நர்ஸ் ஒருவரை அரசே லிபியாவுக்கு வேலைக்கு அனுப்பியிருந்தது. ஒருநாள் அவருடைய கணவர், திருவாதவூர் விவசாயி, என் மேஜை முன் வந்து நின்றார்.

"சார், அவ பணிப்பதிவேட்டை ஒருதரம் காட்டுங்க."

"படிக்கத் தெரியுமா?"

"தெரியாது சார். ஆனா பார்க்கணும்."

படிக்கத் தெரியாதவர் எதைப் பார்ப்பார்? அந்த ஆவலில்தான் எடுத்து, லிபியா பதிவு இருந்த பக்கத்தைக் காட்டினேன். மனைவியின் கடிதத்தைப் பக்கத்தில் வைத்தார். அதில் பெரிதாக 'அயற்பணி' என்று எழுதியிருந்தது. எழுத்தெழுத்தாக விரல் வைத்து ஒப்பிட்டவர் நிமிர்ந்தார்.

"அவ அஞ்சு எழுத்துதான் எழுதியிருக்கா. இங்க எம்புட்டு இருக்கு பாருங்க!"

எட்டிப் பார்த்தேன். 'சம்பளமில்லா விடுப்பு' என்றிருந்தது. என் கையெழுத்துதான். வெளியூர் போனாலே விடுப்பு என்று எழுதிப் பழகிய கை. அரசே வெளியே வேலைக்கு அனுப்பினால் அது அயற்பணி; அப்படி இருந்தால்தான் அந்த வருஷங்கள் பென்ஷனுக்குச் சேரும்.

உடனே திருத்தி, அதிகாரியிடம் ஒப்பம் வாங்கினேன். விவசாயி மறுபடியும் விரல் வைத்துப் பார்த்தார்.

"இப்ப சரி சார். வாரேன்."

அத்தனை வருஷ சர்வீஸில், நான் எழுதிய எதையும் நான் ஒருமுறைகூடத் திரும்பப் படித்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.