புளி மண்டியில் பட்டம் ஒட்டிய பிள்ளைகள்

இப்போது வீட்டுக்கு வீடு டி.வி. பெட்டி. பிள்ளைகள் அதன் முன்னால் கல்லாகக் கிடக்கிறார்கள், அவர்கள் மனசை வேறு எதிலாவது திருப்ப வேண்டும் என்று படித்தவர்கள் எல்லாம் பேசுகிறார்கள். ஏதோ நேற்று வந்த நோய் மாதிரி! நான் இதை உலகச் சண்டைக் காலத்திலேயே செய்து பார்த்தவன். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான் நான்.

பாப்பாரப்பட்டிச் சந்தையில் அடுத்தவனுடைய புளி மூட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தேன். முப்பது வயசு முடிவதற்குள் சொந்தமாக மண்டி வைத்தேன். எவன் கையையும் பிடித்து ஏறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு உருண்டைப் புளியைத் தொட்டால், அது எந்தக் காட்டுப் புளி, எத்தனை ஈரம் என்று சொல்லிவிடுவேன். என்னை ஏமாற்றிய வியாபாரி இந்தப் பக்கத்தில் கிடையாது.

அப்போதுதான் சந்தை மேட்டுக்குப் பக்கத்தில் டூரிங் சினிமாக் கொட்டகை வந்து இறங்கியது. எனக்கு ஒரே மகன், பத்து வயசு. பொழுது சாயக் கொட்டகையில் பாட்டு வைத்தார்கள் என்றால் சோற்றுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடுவான். கையில் காசு இல்லாத நாளில் தட்டிக்கு அடியில் நுழைந்துவிடுவான். திரைக்கு முன்னால் மணலில் வாயைப் பிளந்து கிடப்பான். பகலில் ஏதாவது கேட்டால் பதில் வராது. வந்தாலும், படத்தில் எவனோ பேசிய பதில்தான் வரும். அடித்தேன். தூணில் கட்டியும் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ஊரையே ஜெயித்தவனுக்குப் பெற்ற மகன் கிடைக்காமல் போய்விடுவானோ என்று உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது.

ஆடிக் காற்று தொடங்கியிருந்தது. மண்டியின் பின்பக்கம் புளியங்கொட்டை மலையாகக் குவிந்து கிடந்தது. வறுத்து, தோல் நீக்கி, இடித்துக் காய்ச்சினால் அதைப்போல் பசை உண்டா? சேலத்திலிருந்து கலர் காகிதம் வரவழைத்தேன். மூங்கில் சீவி வைத்தேன். மண்ணெண்ணெய் கிடைக்காத அந்தக் காலத்தில், தெருவில் யாரும் வாங்காத பெட்ரோமாக்ஸ் விளக்கை வாங்கி மண்டிக் கூடத்தில் தொங்கவிட்டேன். "சாயங்காலம் பட்டம் ஒட்டலாம், பகலில் விடலாம். எந்தப் பிள்ளை வேண்டுமானாலும் வரலாம்" என்று சொல்லிவிட்டேன். இந்த யோசனையை எனக்கு எவனும் சொல்லித் தரவில்லை.

முதல் நாள் நாலைந்து பேர். பிறகு தெருவே வந்து உட்கார்ந்தது. கொட்டகையில் டிக்கெட் கிழிக்கிறவன் என்னை வழியில் நிறுத்தி, "உங்களாலே தரை டிக்கெட்டு படுத்துடுச்சுங்க" என்று அழாத குறையாகச் சொன்னான்.

என் மண்டியில் மூட்டை தூக்கிய சேரி ஆளின் மகனும் வந்தான். கொட்டகை மணலில் என் மகனுக்குச் சிநேகிதமானவன். ஒருவன் காகிதத்தைப் பிடிக்க, மற்றவன் பசை தடவுவான். வாய் மட்டும் ஓயாது.

"வால் பத்தாதுடா, இன்னும் கட்டு" என்பான் என் மகன்.

"வாலு போதும். உன் வாயைத்தான் கொஞ்சம் அறுக்கோணும்."

ஒரு சாயங்காலம் கொட்டகையில் பாட்டு வைத்தார்கள். என் மகன் தலையைத் தூக்கவில்லை. குச்சியை வளைத்துக்கொண்டே, "அப்பா, நாளைக்கு இன்னும் கொஞ்சம் பசை காய்ச்சுங்க" என்றான். புளி விலை ஏறிய எந்த நாளிலும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

மறுநாள் என் மனைவியின் அண்ணன் வந்தான். எதிர்வரிசையில் மளிகைக் கடைக்காரன். அவன் பிள்ளைகளும் என் மண்டியில்தான் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கூடத்து மூலையில் இருந்த தண்ணீர்ப் பானையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன மாப்ள, எல்லாம் ஒரே பானையிலயா மொண்டு குடிக்குதுங்க?"

"தாகம் எடுத்தா குடிக்கறாங்க."

"அந்தப் பையனுமா?"

"அவனுக்கு மட்டும் தாகம் எடுக்காதா? ஏன் மச்சான், கொட்டகையில உன் பிள்ளைங்க அவன் தோள்மேல சாஞ்சுக்கிட்டுதானே படம் பாக்குதுங்க?"

"அங்க இருட்டு மாப்ள. யாருக்குப் பக்கத்துல யாருன்னு எவன் கண்டான்? நீ விளக்கல்ல கொளுத்தி வெச்சு உக்கார வெக்கற."

"என் மண்டி, என் பானை. இஷ்டம் இருந்தா அனுப்பு" என்றேன்.

மறுநாள் அவன் பிள்ளைகள் வரவில்லை. அதற்கடுத்த நாள் தெருப் பிள்ளைகள் ஒன்றுகூட வரவில்லை. என் மகனும் அந்தப் பையனும் மட்டும் விளக்கடியில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவும் நீடிக்கவில்லை. அந்தப் பையனின் அப்பன் வந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான்.

"பையன இனிமே அனுப்பலீங்க சாமி."

"எவன் மிரட்டினான், சொல்லு."

"யாரும் ஒண்ணும் சொல்லலீங்க. எங்களுது கூரை வூடுங்க. ஒரு தீக்குச்சி போதும்."

"நான் இருக்கேன்."

"நீங்க இருக்கீங்க சாமி. உங்க வூட்ல இருக்கீங்க."

என்னை ஏமாற்றிய வியாபாரி கிடையாது என்றேனே, மூட்டை தூக்குகிற இவன் ஒரே வார்த்தையில் என் கணக்கைத் தீர்த்துவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் நானே மகனுக்கு எதிரில் உட்கார்ந்து காகிதத்தைப் பிடித்தேன். "நீங்க புடிச்சா கோணலாப் போகுதுப்பா" என்றான். கொட்டகையில் பாட்டு கேட்டது. பாதி ஒட்டிய பட்டத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான்.

காதைப் பிடித்து இழுத்து வரலாம் என்று பின்னாலேயே போனேன். தட்டியை விலக்கிப் பார்த்தேன். திரை வெளிச்சம் விட்டு விட்டு விழுந்தது. மணலில் என் மகனும் அந்தப் பையனும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே பொட்டலம் வேர்க்கடலை. இரண்டு முழம் தள்ளி மளிகைக் கடைக்காரனின் பிள்ளைகள். பின்னால் பெஞ்சில் மச்சானும் இருந்தான், படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு.

இழுத்து வந்து என் மகனை எங்கே, யார் பக்கத்தில் உட்கார வைப்பது? திரும்பி வந்துவிட்டேன். காய்ச்சிய பசையை மாட்டுத் தொட்டியில் கொட்டினேன். மாடு நன்றாகத்தான் குடித்தது. அதற்குப் பிறகு என் மகன் பட்டம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. பிள்ளைகளைத் திரையிலிருந்து திருப்பச் சொல்கிற படித்தவர்கள், முதலில் அந்தப் பெஞ்சுக்காரர்களைத் திருப்பிக் காட்டட்டும்.

ஆவணியில் மச்சான் வீட்டில் காதுகுத்து. பெட்ரோமாக்ஸை இரவல் கேட்டு ஆள் அனுப்பியிருந்தான்.

"இருட்டுலயே குத்திக்கச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினேன்.