ராசியில்லாத வீடு

எழுபதுகளில் ஒரு வருடம். பஞ்சம் தீர்ந்து தருமபுரி டவுனில் வீட்டு விலை மறுபடி ஏறத் தொடங்கியிருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு விதவை அம்மா, மகள் கல்யாணத்துக்காகத் தன் ஓட்டு வீட்டை விற்க வந்தார். மொரப்பூரில் இருந்த என் மானாவாரிக் காட்டை விற்றுவிட்டு வந்திருந்த எனக்கு அதன்மேல் கண். வேறு ஆட்களும் விலை கேட்டார்கள். அவர்களை விரட்ட டீக்கடையில் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன்.

"அது ராசியில்லாத வூடுங்க. ஆம்பள தங்கமாட்டான்."

அதன்பின் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அடிமாட்டு விலைக்கு வாங்கினேன்.

எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து வீடு மந்திரித்த அன்று, அந்த அம்மா மகளோடு வாசலில் நின்றார்.

"ராசியில்லாத வூட்டுப் பொண்ணு வேணாம்னு மாப்பிள்ளை வூட்டுல சொல்லிட்டாங்க சார். நாங்க உங்க கோயிலு இல்லீங்க. இருந்தாலும் அந்தத் தீர்த்தத்த எம் பொண்ணுமேல கொஞ்சம் தெளிக்கச் சொல்லுங்க."

சாமியார் தெளித்தார். பக்கத்தில் நான் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்து என் பக்கம் திரும்பினார். பக்தியாகத் தலையைக் குனிந்தேன்.

அப்படிக் குனிந்து நின்ற ஆளை நினைத்தால் இன்றும் எனக்குக் குமட்டுகிறது. அவனோடுதான் அந்த வீட்டில் குடியிருக்கிறேன்.