மரத்துப்போன இரண்டு விரல்கள்

எண்பதுகளின் நடுவில் சில ஆண்டுகள் நான் ஸ்குவாஷ் ஆடிப் பிழைத்தேன். பத்திரிகைகளில் சுவர்ப்பந்து என்று எழுதுவார்கள். நான்கு சுவருக்குள் இரண்டு பேர் நின்று ஒரு சின்ன ரப்பர் பந்தை முன்சுவரில் மாறி மாறி அடிக்கிற ஆட்டம். அதற்குச் சம்பளம் உண்டா என்று எங்கள் தோட்டத்தில் யாரும் நம்பிக்கையோடு கேட்டதில்லை. அம்மா கேட்கவே இல்லை. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, எந்த ஊர் என்று மட்டும் கேட்பார். ஹாங்காங் என்றாலும் கராச்சி என்றாலும் ஒரே மாதிரி தலையாட்டுவார்.

அப்பா கோல சிலாங்கூர் பக்கம் துரைமார் கிளப்பில் பார் பார்த்தவர். கிளப்புக்குப் பின்னால் ஒரு கோர்ட் இருந்தது. திங்கட்கிழமை கிளப் மூடியிருக்கும். யாரோ விட்டுப்போன மட்டையை வைத்துக்கொண்டு நான் தனியாக அடித்துப் பழகினேன். தனியாக ஆடக்கூடிய ஆட்டம் என்பதால்தான் பிடித்தது என்று நினைக்கிறேன். பிறகு பள்ளிக்கூடம், மாநில அணி, கோலாலம்பூரில் பயிற்சி. அப்பா போன பிறகுதான் இதையே தொழிலாக எடுத்தேன். அதற்குள் அம்மா அசாம் ஜாவாவுக்கு உள்ளே, முன்பு நாங்கள் இருந்த பழைய தோட்டத்துக்கே திரும்பி வந்துவிட்டார். ரப்பர்ப் பால்மரங்களை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயத்தில் எங்கள் வீடு கடைசி வீடு.

நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. பெரிய போட்டிகளில் முப்பத்திரண்டு பேர் ஆடுவார்கள். அதற்கு முன்னால் தகுதிச் சுற்று உண்டு. நான் தகுதிச் சுற்றுக்காரன். அதில் ஜெயித்தால் முதல் சுற்றில் உலகத்தின் நல்ல ஆட்டக்காரன் ஒருவன் காத்திருப்பான். அவனிடம் அரை மணி நேரத்தில் தோற்றுவிட்டு அடுத்த ஊருக்கு ரயில் ஏற வேண்டும். ஐரோப்பாவில் அந்த ஊர்களுக்கெல்லாம் ஒரே முகம். ஸ்டேஷன், மழை, கிளப், வெள்ளைச் சுவர். துணியைத் தொட்டியில் துவைத்து ஹீட்டர் மேல் காயப்போடுவோம். மறுநாள் அதே துணி.

செலவைக் குறைக்க என்னோடு அறை எடுத்தவன் ஈப்போவிலிருந்து வந்த ஒரு சீன ஆட்டக்காரன். மலாயிலும் கொஞ்சம் ஆங்கிலத்திலும் பேசிக்கொள்வோம். அவன் தோற்றால் மட்டையைப் படுக்கையில் எறிந்து, கூரையைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியாகத் திரும்ப ஆடுவான். நான் தோற்றால் குளித்துவிட்டுத் தூங்கிவிடுவேன். முதல் வருடம் நானும் அவனைப் போலத்தான் இருந்தேன். எப்போது நின்றது என்று தெரியவில்லை. ஜெயித்தாலும் அதே குளியல், அதே தூக்கம். அதை அப்போது பக்குவம் என்று எண்ணியிருந்தேன்.

ஒரு குளிர்காலத்தில், இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறிய ஊரில், என் டிராப் ஷாட் டின்னில் விழத் தொடங்கியது. முன்சுவரின் அடியில் ஒரு தகரப் பட்டை உண்டு. பந்து அதில் பட்டால் புள்ளி போயிற்று. அந்தத் தகரத்துக்கு ஒரு விரல் மேலே பந்தை மெதுவாக வைப்பதுதான் நான் ஓரளவு நன்றாகச் செய்த ஒரே காரியம். அந்த வாரம் வரிசையாகத் தகரச் சத்தம். மட்டையைக் கையில் நிறுத்துவது கடைசி விரல்கள்தான். அதில் சுண்டுவிரலும் மோதிர விரலும் எனக்குத் தூரத்தில் இருப்பது போல இருந்தன. குளிர் என்று நினைத்தேன். அந்த ஊரில் எல்லோருக்கும்தான் விரல் மரத்தது.

“நீ ஏன் மட்டைய இப்படி நெரிக்கிற?” என்று அறைத்தோழன் கேட்டான். நெரிப்பது எனக்குத் தெரியவில்லை. ஆறு ஊர்களில் ஆறு தகுதிச் சுற்றுகள் தோற்று ஊர் திரும்பினேன்.

வீட்டில் வெயில் கொளுத்தியது. வந்த இரண்டாம் நாள் காலை, அம்மா குளிக்கப் போயிருந்தார். அடுப்பில் தண்ணீர் கொதித்தது. கேத்தலை இறக்கி வைத்து, கோப்பி கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தேன். தலை துவட்டிக்கொண்டே வந்த அம்மா என் கையைப் பார்த்து நின்றுவிட்டார். சுண்டுவிரலின் பக்கவாட்டில் தோல் வெள்ளையாக வெந்து உப்பியிருந்தது. இறக்கும்போது கேத்தலின் உடம்பில் அந்த விரல் பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

அம்மா பதறவில்லை. என் முழங்கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். முன்கையின் உள்பக்கம், வியர்வைப் பட்டை போடுகிற இடத்துக்குச் சற்று மேலே, காசளவுக்குத் தோல் வெளுத்திருந்தது. பட்டை உரசி வெளுத்திருக்கிறது என்று நான் நினைத்திருந்த இடம். அம்மா தன் தாலிக் கயிற்றிலிருந்து ஊக்கைக் கழற்றினார். அப்பா போன பிறகும் வெறும் கயிற்றில் இரண்டு ஊக்கு வைத்திருப்பார்.

“அந்தப் பக்கம் பாரு,” என்றார்.

நான் வாசல் பக்கம் பார்த்தேன். எதிர் லயத்துக் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. குத்தும்போது சொல்லுங்கள் என்று சொல்ல நினைத்தேன். திரும்பிப் பார்த்தபோது அவர் ஏற்கெனவே குத்தி முடித்திருந்தார். வெளுத்த இடத்தில் சின்னதாக இரண்டு ரத்தப் பொட்டு.

“நாளைக்கு என்கூட வா தம்பி. யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாத.”

மறுநாள் கோலாலம்பூர் பஸ்ஸில் ஏறினோம். சுங்கை பூலோவில் இறங்கச் சொன்னபோதுதான் எங்கே போகிறோம் என்று எனக்குப் புரிந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் சுங்கை பூலோ என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று, பூச்செடி வாங்குகிற இடம். இன்னொன்று பெருவியாதிக்காரர்கள், அதாவது தொழுநோயாளிகள், இருக்கும் இடம். இரண்டும் ஒரே இடம்தான். அங்கே இருந்த நோயாளிகள்தான் செடி வளர்த்து விற்றார்கள்.

பெரிய இடம். சின்னச் சின்ன வீடுகளும் மரங்களும் பாதைகளுமாக ஒரு தனி ஊர். யாரிடமும் வழி கேட்காமல் அம்மா எனக்கு முன்னால் நடந்தார். இரண்டு இடத்தில் திரும்பினார். ஆஸ்பத்திரிக் கட்டடம் வந்தது.

டாக்டர் மலாய்க்காரர், வயதானவர். முழங்கைக்குப் பின்னால் விரலை வைத்து நரம்பை உருட்டிப் பார்த்தார். சணல் கயிறு போலத் தடித்திருக்கிறது என்று என் விரலையும் பிடித்து அங்கே வைத்துக் காட்டினார். காது மடலிலும் வெளுத்த இடத்திலும் சின்னதாகக் கீறிச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு, வெளியே உட்காரச் சொன்னார்.

மரத்தடியில் ஒரு பெஞ்சு இருந்தது. கொஞ்சம் தள்ளி, யாரோ ஒரு சீனத் தம்பதி காரின் பின்பக்கத்தில் பூந்தொட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“எங்கப்பா ஊருக்குப் போகல தம்பி,” என்றார்.

அம்மாவின் அப்பா ஜப்பான்காரன் சண்டைக்கு முன்னால் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போய் அங்கேயே இறந்துவிட்டார் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. கப்பல் பெயர்கூட ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

“இங்கதான் இருந்தாரு. வேலை வாங்குற மண்டோர் ஆபீஸ் கிராணிகிட்ட சொல்லிட்டான். லோரியில ஏத்திட்டு வந்துட்டாங்க. நான் சின்னப் புள்ள. எங்கம்மா கையப் புடிச்சிக்கிட்டு மாசா மாசம் வருவேன். அங்க வேலி இருந்துச்சு. அவரு அந்தாண்ட நிப்பாரு, நாங்க இந்தாண்ட. தொட வுட மாட்டாங்க. ஒரு வாட்டி வந்தப்போ ஆளு இல்ல. செத்துட்டாருன்னு சொன்னாங்க.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சிருந்தா கட்டியிருப்பாரா?”

அந்த நேரத்தில் நான் அவர் கையைப் பிடித்திருக்கலாம். ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு எதுவும் தோன்றவில்லை. வேலி எங்கே இருந்திருக்கும் என்று பார்த்தேன். புல்தான் இருந்தது. சீனத் தம்பதியின் கார் கிளம்பிப் போனது.

டாக்டர் கூப்பிட்டு, அதுதான் என்றார். ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள், இப்போது நல்ல மருந்து இருக்கிறது, வீட்டிலிருந்தே ஆறு மாதம் சாப்பிட்டால் போதும், மருந்து தொடங்கிய பின் யாருக்கும் ஒட்டாது என்றார். அம்மாவுக்குப் புரிய வேண்டும் என்று மலாயில் மெதுவாக இரண்டு முறை சொன்னார். அம்மாவையும் சோதித்தார், அவருக்கு ஒன்றும் இல்லை. நரம்பு திரும்புமா என்று கேட்டேன். திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். ஆடலாமா என்றேன். ஆடு, ஆனால் கையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இரு, அடிபட்டால் உனக்குத் தெரியாது என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“வீட்டுலயே இருக்கலாம்னுதானே சொன்னாரு?”

“ஆமாம்மா.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அசாம் ஜாவா வரும்வரை முகத்தைத் திருப்பவில்லை.

பல மாதங்கள் ஒரே அறையில் படுத்தவன் என்பதால் அறைத்தோழனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. கோலாலம்பூரில் ஒரு கோப்பிக்கடையில் வைத்துச் சொன்னேன். மேசையை விட்டு எழுந்து போவான் என்று எதிர்பார்த்தேன். போனால் பில்லைக் கட்டிவிட்டு பஸ் பிடிக்கலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அவன் என் கையை இழுத்துப் பார்த்தான். வலிக்கிறதா என்று கேட்டான். இல்லை, அதுதான் கோளாறு என்றேன்.

“அப்போ அந்த டிராப் ஷாட்டெல்லாம் உன் தப்பு இல்ல லா,” என்றான். எனக்காகக் கூரையைப் பார்த்து அந்தப் புள்ளிகளையெல்லாம் அவனே திரும்ப ஆடி வைத்திருப்பான் போலிருக்கிறது. மறுவாரம் சோதனைக்குப் போய் வந்தான். ஒன்றும் இல்லை. வேறு யாரிடமும் இதைச் சொல்லவும் இல்லை.

ஆறு மாதமும் மாத்திரை சாப்பிட்டேன். அம்மா தினமும் மாலையில் என் இரண்டு கைகளையும் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார். கீறல் இருந்தால் மஞ்சள் வைப்பார். பக்கத்து வீட்டுக்காரர்களிடம், ஆட்டத்தில் கை சுளுக்கிவிட்டது, அதனால் வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லிவைத்திருந்தார்.

மருந்து முடிந்ததும் அறைத்தோழனிடமிருந்து போன் வந்தது, தோட்டத்து ஆபீசுக்கு. சிங்கப்பூர் போட்டிக்கு அறை போட்டுவிட்டேன், இரண்டு கட்டில் என்றான். போனேன்.

மட்டையின் பிடியில் டவல் துணியைத் தடிமனாகச் சுற்றியிருந்தேன். முதல் ஆட்டம் ஜெயித்தேன். டிராப் ஷாட்டை மறந்துவிட்டு எல்லாப் பந்தையும் பின்சுவருக்கு அடித்தேன், அவ்வளவுதான். இரண்டாவது ஆட்டம் ஓர் ஆஸ்திரேலியப் பையனோடு. இரண்டு கேம் ஆளுக்கொன்று. மூன்றாவதில் நான் ஓங்கி அடித்தபோது மட்டை கையை விட்டுப் பறந்தது. அவன் தலைக்குப் பக்கத்தில் போய்ச் சுவரில் பட்டு உடைந்தது. அவன் குனிந்திருக்காவிட்டால் முகத்தில் பட்டிருக்கும். நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம் கிடந்தது. அது அவனுடையது என்று நான் பயந்து போனேன். அவன் என் கையைக் காட்டினான். சுண்டுவிரலில் தோல் உரிந்து, எப்போதிருந்தோ ஒழுகியிருக்கிறது.

அவனுக்குக் கை கொடுத்துவிட்டு, ஆட்டம் போதும் என்று நடுவரிடம் சொன்னேன். குளித்தேன். உடுப்பு மாற்றினேன். அது என் கடைசி ஆட்டம் என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் சோப்பு நுரை வடிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வெறுமனே நின்றேன். துக்கம் வருமென்று கொஞ்ச நேரம் காத்திருந்ததும் உண்டு.

மறுநாள் மதியம் அறைத்தோழனின் ஆட்டம். தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம் அது. ஜெயித்தால் அவன் வாழ்க்கையில் முதல் முறையாகப் பெரிய போட்டிக்குள் நுழைவான். மேலே மரப்படியில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு கேம் முன்னால் இருந்தான். மூன்றாவதில் எட்டுக்கு ஆறு. ஒன்பது எடுத்தால் ஆட்டம் முடிந்துவிடும். முன்னால் ஓடிப்போய் ஒரு டிராப் ஷாட் வைத்தான். அழகான ஷாட். டின்னில் பட்டது. அதன் பிறகு அவன் கால் நகரவில்லை. அந்தக் கேமும் அடுத்த இரண்டும் போய்விட்டன.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கோர்ட்டின் கதவைத் திறந்து குனிந்து வெளியே வந்தான். அப்போதுதான் என் கன்னம் நனைந்திருப்பதை உணர்ந்தேன். நிறுத்த முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

அவன் படியேறி வந்து என்னைப் பார்த்து நின்றான்.

“நான் தோத்ததுக்கா நீ அழற?”

“ஆமா,” என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்தான். மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது. “தாக் அப்பா லா,” என்றான். பரவாயில்லை என்று அர்த்தம். இரண்டு முறை சொன்னான். அடுத்த ஆட்டத்துக்கு வந்தவர்கள் கோர்ட்டில் பந்தை அடித்துச் சூடாக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அவன் இன்னும் மூன்று ஆண்டு ஆடினான். நான் கோல சிலாங்கூர் பக்கம் ஓர் எண்ணெய் ஆலையில் எடை எழுதும் கிராணியாகச் சேர்ந்தேன். மோதிர விரலில் உணர்ச்சி பாதி திரும்பியது. சுண்டுவிரல் சற்று மடங்கியபடியே நின்றுவிட்டது. அதைப் பற்றிக் கேட்டவர்களிடம், மட்டை பட்டது என்று பல வருடங்கள் சொல்லிவந்தேன். அம்மா பக்கத்தில் நின்று தலையாட்டுவார். அம்மா போன பிறகு யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்கிறேன். சிலர் கையை இழுத்துக்கொள்கிறார்கள். சிலர் விரலைத் தொட்டுப் பார்க்கிறார்கள். தொடுவது எனக்குத் தெரிவதில்லை. பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.